வடிவு வாசித்த விதம்

கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போய்விட்டாள். சொல்வது சுலபம். பட்டப்பகலில், நாலு பக்கமும் ஆள் பேச்சு கேட்க, மடியில் இருக்கும் பைக்குள் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது என்ன பாடு என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது? சங்கரவடிவு தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். கண்ணின் பாப்பா விரிய வேண்டுமாம். விரிந்த பிறகுதான் பெரிய டாக்டர் உள்ளே எட்டிப் பார்ப்பாராம். மருந்து கன்னத்தில் வழிந்தது போக மிச்சம் தொண்டைக்கு இறங்கிக் கசந்தது. கண்ணில் விட்டது நாக்கில் எப்படி வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள், பிறகு அந்த யோசனை பாதியில் நின்றது, ஏனென்றால் எந்த யோசனையும் இன்று பாதிக்கு மேல் போகவில்லை, எல்லாம் சற்று முன் உள்ளே வாசிக்கச் சொன்ன அந்த அட்டையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. மூடிய இமைக்குள் செக்கச் செவேல் என்று இருந்தது. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருடைய சந்தன பவுடர் வாசனையில் தெரிந்தது. யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். சக்கர நாற்காலி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது. இனி படிக்க முடியுமா, முடியாதா? இவ்வளவுதான் கேள்வி. இதைத் தெரிந்துகொள்ளத்தான் கோவில்பட்டியில் இருந்து காலை பஸ் ஏறி திருநெல்வேலிக்கு வந்திருக்கிறார்கள்.

கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் வந்தாள். கொஞ்ச நாளாக எழுத்துகள் ஓரமாகச் சாய்கிற மாதிரி இருந்தது, நேர்க்கோடாக இருக்க வேண்டிய கதவு நிலை நடுவில் வளைந்து தெரிந்தது. வீடு பழசாகிவிட்டது என்று நினைத்தாளே தவிர கண் பழசாகிவிட்டது என்று நினைக்கவில்லை. உள்ளே ஒரு சின்னப் பெண், கல்லூரி முடித்த கையோடு வேலைக்கு வந்தவள் போல, இடது கண்ணைக் கறுப்புத் தகட்டால் மறைக்கச் சொல்லி ஒரு அட்டையை நீட்டினாள். வடிவுக்கு இடது கண் பிறந்ததில் இருந்தே பேருக்குத்தான். வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், எழுத்து தெரியாது. படித்ததெல்லாம் வலது கண்தான். அட்டையில் ஒரு பத்தி அச்சிட்டிருந்தது. வாசிங்கம்மா என்றாள் அந்தப் பெண். வடிவு வாசித்தாள். வாசிப்பதில் அவளுக்கு என்ன பயம்? மழை ஓய்ந்ததும் மாலதி ஜன்னலைத் திறந்தாள், தெருவில் யாரும் இல்லை, அவன் இனி வர மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று ஏற்ற இறக்கத்தோடு, வானொலியில் வாசிக்கிற மாதிரி வாசித்தாள். அந்தப் பெண் அட்டையை எட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை வாசிங்கம்மா என்றாள். வடிவு வாசித்தாள், இந்தத் தடவை மாலதிக்காகக் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பின்னால் நின்ற ஆவுடையப்பன் குனிந்து அட்டையைப் பார்த்தார்.

"ஏளா வடிவு, அதுல அப்படி எழுதலையே" என்றார்.

மழை ஓய்ந்ததும் மாடுகளைத் தொழுவத்தில் கட்டினார் என்றுதான் இருந்ததாம். தெரு முழுவதும் சேறாக இருந்தது என்று இருந்ததாம். மாலதி இல்லை. ஜன்னல் இல்லை. வராமல் போனவன் இல்லை. அந்தப் பெண் அட்டையை வாங்கிக்கொண்டு, உங்களுக்கு நடுவுல எழுத்து தெரியலைம்மா, ஓரத்துல தெரியுறதை வச்சு நீங்களே சொல்லுதீங்க, ரொம்பப் படிக்கிறவங்க இப்படித்தான் கண்டுபிடிக்காம விட்டுருவாங்க என்று சொல்லி, பெரிய டாக்டர் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தாள். மற்றவர்கள் எழுத்து தெரியவில்லை என்று உடனே ஓடி வந்துவிடுவார்களாம். இவளோ தெரியாததைத் தெரிந்த மாதிரியே வாசித்துக்கொண்டு எத்தனை மாதம் இருந்தாளோ. கெட்டிக்காரி, கெட்டிக்காரி என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி வளர்த்த கெட்டிக்காரத்தனம் கடைசியில் எங்கே கொண்டுவந்து விட்டது பார் என்று வடிவு தன்னையே வைதுகொண்டாள். பயம் வந்தது. ஆனால் அதோடு கூடவே இன்னொன்றும் இருந்தது, அதற்குப் பேர் தெரியவில்லை. அந்த மாலதி யார்? எங்கே இருந்து வந்தாள்? அவள் ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது, கொக்கி துருப்பிடித்திருந்தது, அதைத் தட்டித் திறக்க வேண்டியிருந்தது. அட்டையில் இல்லாத கொக்கி வடிவுக்கு எப்படித் தெரியும்?

சிஸ்டர் திரும்பி வந்து இமையைப் பிதுக்கி இன்னொரு சொட்டு விட்டாள். எரிந்தது. மூடிக்கோங்க, மூடிக்கோங்க. வடிவு மூடிக்கொண்டாள். அவள் ஒன்றும் பெரிய படிப்பாளி கிடையாது. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததற்கும் நாலு மணி டீக்கும் நடுவில் படிக்கிறவள். கிளை நூலகத்தில் எது கைக்கு வருகிறதோ அது. ஆனால் படித்ததைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது பக்கம் போதும். முப்பது பக்கத்துக்குள் ஒரு கதை எந்தப் பக்கம் சாயும், யார் யாரை ஏமாற்றுவார், கடைசியில் அழ வைப்பானா சிரிக்க வைப்பானா என்று சொல்லிவிடுவாள். மாத நாவல் என்றால் இன்னும் சுலபம், கொலைகாரனை இட்லிக்கு அரைத்து முடிப்பதற்குள் பிடித்துவிடலாம். யார் ரொம்ப நல்லவனாக வந்து எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டுக் காபி குடிக்காமல் போகிறானோ அவன்தான். சரித்திர நாவலில் இளவரசன் எண்ணெய் வியாபாரி வேஷத்தில் நாலு பாகம் சுற்றுவான், அமைச்சருக்குத் தெரியாது, காதலிக்குத் தெரியாது, அவனுடைய குதிரைக்கு மட்டும் தெரிந்துவிடும். நாலு பாகத்திலும் மூளை உள்ள ஒரே பிறவி அந்தக் குதிரை என்பது வடிவின் தீர்மானம். குடும்ப நாவல்களில் வருகிற பெண்கள் மேல் அவளுக்கு இரக்கமும் கோபமும் சரிபாதி. அத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டு ரசம் ஊற்றுகிறாளே, அந்தக் கரண்டியை ஒரு தடவையாவது கீழே போடக் கூடாதா என்று பக்கத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். பரிசு வாங்கின புத்தகம் என்றால் அட்டையில் ஆள் இருக்காது, காய்ந்த மரம்தான் இருக்கும். வர்ணனை எதுவாக இருந்தாலும் தாண்டிவிடுவாள். நிலா வந்தால் பக்கத்தைத் திருப்பு. அவள் பார்க்காத நிலாவா, மொட்டைமாடிக்குப் போனால் இருக்கிறது.

இதையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் ஆவுடையப்பனிடம் சொல்வாள். வேறு யாரிடம் சொல்ல? அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தித்தாளில் மின்தடை அறிவிப்பைத் தவிர எதையும் இரண்டு தடவை படிக்காதவர். அவள் சொல்லச் சொல்ல, தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு ம் என்பார். குதிரைக்கும் ம், கொலைகாரனுக்கும் ம். அந்த ம் எல்லாம் ஒரே அளவு, ஒரே எடை. கல்யாணமான புதிதில் அவளுக்கு அழுகை வந்திருக்கிறது. அப்புறம் பழகிவிட்டது. அவரைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் அவளுக்கு உண்டு, அது கல்யாணமான முதல் மாதத்திலேயே ஏற்பட்டுவிட்டது: நல்ல மனுஷன், உள்ளே ஒன்றும் எழுதியிருக்காது. அவருடைய அம்மா செத்தபோது கூட அவர் கண் கலங்கவில்லை, கொட்டகைக்கு ஒயர் இழுத்து பல்பு கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அந்தப் புத்தகத்தில் பக்கம் திருப்ப வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை. இதைத் தப்பாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை, எல்லாரும் எல்லாமாக இருக்க முடியுமா?

தொண்டையில் மறுபடியும் கசப்பு. எதிர்ப் பெஞ்சில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது, அதன் அம்மா மருந்து ஆச்சு ஆச்சு என்று சமாதானம் சொன்னாள். வடிவு மூச்சை இழுத்து விட்டாள். இப்படித்தான் இருக்குமோ? கண் போய்விட்டால் மத்தியானங்கள் இப்படித்தான் சத்தமும் வாசனையுமாக, செக்கச் செவேல் என்று, ஒரு வரி கூட இல்லாமல் நகருமோ? போகட்டும், டிவி ஓடும், காதால் கேட்கலாம். இப்போது போனிலேயே கதை வாசிக்கிறார்களாம். ஆனால் அது யாரோ வாசிப்பது. அவசரப்பட வேண்டிய இடத்தில் அவர்கள் நிதானமாக வாசிப்பார்கள், நிலாவைத் தாண்ட மாட்டார்கள். அவளுக்கு வேண்டியது கேட்பது இல்லை. வேண்டியது அந்தக் கறுப்புப் பொடி. வெள்ளைத் தாளில் யாரோ எறும்பை வரிசையாக ஓட விட்ட மாதிரி இருக்கிற அந்தக் கறுப்பு. அதைப் பார்த்தால் போதும், கோவில்பட்டியில் சித்திரை வெயிலில், மேலே மின்விசிறி வெந்நீராகக் காற்றை ஊற்றிக்கொண்டிருக்க, அவள் கால் விரல் பனியில் விறைக்கும். விறைத்திருக்கிறது. பொய் இல்லை. போன வருஷம், ஒரு நீதிபதி கதையைப் படிக்கும்போது, எழுந்து போய் போர்வை எடுத்துப் பாதத்தில் போட்டுக்கொண்டாள். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கதவைத் தாழ் போட்டாள். ஒரு தாள், அதில் கொஞ்சம் மை, இவ்வளவு தூரத்தில் இருந்த குளிரை இங்கே கொண்டுவந்து இறக்குகிறது என்றால், இதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள், அவர்கள் பயப்படவில்லையா? அவளாக இருந்தால் பயந்திருப்பாள். கோவிலில் கதவு திறந்து தீபம் காட்டும்போது வருகிற நடுக்கம் அது, அதைப் போய் மத்தியானப் பொழுதுபோக்கு என்று இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாளே.

அந்த நீதிபதி கதை மொழிபெயர்ப்பு. தடிப் புத்தகம், தலையணைக்கு வைக்கலாம். வெளிநாட்டு ஆள்களின் பெயர்கள் ரயில் மாதிரி நீளமாக இருந்ததால் அவளே சுருக்கி வைத்துக்கொண்டாள். நீதிபதியை ஜட்ஜு என்றும், அவன் மனைவியை வீட்டுக்காரி என்றும். பனி கொட்டுகிற ஓர் ஊர். ஜட்ஜு ஒருநாள் ஒரு ஏழைக்குத் தெரிந்தே தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். அன்று சாயங்காலம் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிடுகிறான். கதவைத் தட்டினால் வீட்டுக்காரி திறப்பாள், திறந்தால் அவன் மூஞ்சியைப் பார்ப்பாள், பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்துகொண்டு ராத்திரி முழுக்க ஊரைச் சுற்றுகிறான். எழுநூறு பக்கம். முப்பது பக்கத்தில் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டியது, தட்டித் தொலையேன்டா என்று ஒரு தடவை சத்தமாகவே சொன்னாள், ஆனால் போட முடியவில்லை. நடுவில் ஓர் இடம் வரும். ஜட்ஜு வாசல் வரைக்கும் வந்து நிற்பான். உள்ளே வீட்டுக்காரிக்குக் காலடிச் சத்தம் கேட்கும். அவள் எழுந்து கதவைத் திறக்க மாட்டாள். தான் உட்கார்ந்திருக்கும் முக்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி, கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்காருவாள். அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், நடுவில் ஒரு பலகை. வடிவு அந்த இடத்தில் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மனுஷன் எழுதுகிற காரியமா இது என்று இருந்தது. அன்று ராத்திரி ஆவுடையப்பனிடம் அந்த முக்காலியைப் பற்றிச் சொன்னபோது தோசை தீய்ந்தே போனது.

இப்போது, கண்ணை மூடிக்கொண்டு, வடிவுக்கு உடம்பு ஒரு தடவை சில்லிட்டது. அந்த முக்காலி புத்தகத்தில் இருந்ததா? போன வருஷம் என்றால் கதவு நிலை வளையத் தொடங்கிவிட்ட காலம். அப்போதே நடுவெழுத்துகள் போயிருந்தால்? ஓரத்தில் முக்கால் என்றோ முக்கியம் என்றோ ஏதோ ஒன்று இருந்து, மிச்சத்தை இவளே போட்டு நிரப்பியிருந்தால்? வீட்டுக்காரி பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம். ஜட்ஜு வாசலுக்கே வந்திருக்க மாட்டான், எழுநூறு பக்கமும் வேறு எதையோ செய்துகொண்டிருந்திருப்பான், மாடுகளைத் தொழுவத்தில் கட்டிக்கொண்டிருந்திருப்பான். யாருக்குத் தெரியும்? புத்தகம் நூலகத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. இன்னொன்றும் இருக்கிறது. பெரிய பேர் வாங்கின ஒரு தமிழ் நாவலை, சொத்துப் பிரிக்க ஊருக்கு வந்தவன் நாலு நாளும் வாயைத் திறக்காமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற கதையை, அதில் ஒன்றுமே இல்லை சார் என்று நூலகரிடம் ஓங்கிச் சொல்லிவிட்டு வந்தாள். நூலகர் பாவம், அப்படியாம்மா என்றார். அதில் ஒன்றும் இல்லையா, இவள் கண்ணில் ஒன்றும் இல்லையா? எத்தனை புத்தகத்துக்கு இப்படித் தீர்ப்பு எழுதியிருக்கிறாள். சிலதில் இல்லாததைப் போட்டுக் கும்பிட்டிருக்கிறாள், சிலதில் இருந்ததைத் தொலைத்துவிட்டுத் திட்டியிருக்கிறாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்குள்ளே இருந்து அந்தப் பேர் தெரியாத இன்னொன்று தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. முக்காலி புத்தகத்தில் இல்லை என்றே வைத்துக்கொள். அப்படியானால் அதைத் தூக்கிப் போட்டது யார்? கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு மனு எழுதக் கூடப் பக்கத்து வீட்டுக்குப் போகிற சங்கரவடிவா? அவளுக்குள் அது எங்கே இருந்தது? அவள் நினைத்துப் பார்க்கப் பார்க்க, ஏதோ ஒரு வீட்டில் வெகு நாளாகக் குடியிருந்துவிட்டு, திறக்காத அறை ஒன்று உள்ளே இருப்பதை அன்றுதான் கண்டவள் போல் ஆனாள்.

பெஞ்ச் அசைந்தது. ஆவுடையப்பன் காலை மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார். அவர் தானாகப் பேச்சைத் தொடங்குகிறவர் இல்லை என்பதால் வடிவு தண்ணீர் வேண்டுமா என்று கேட்கப் போகிறார் என்று எதிர்பார்த்தாள்.

"அந்த ஜட்ஜு" என்றார் அவர். "கடைசில வீட்டுக்குள்ள போனானா, இல்லையா? நீ அதைச் சொல்லவே இல்லையே."

வடிவுக்குக் கண் திறந்துவிடும் போல இருந்தது, இறுக்கி மூடிக்கொண்டாள். எந்த ஜட்ஜு என்று கேட்டாள், தெரிந்துகொண்டே கேட்டாள். முக்காலி போட்டு உட்கார்ந்தாளே ஒருத்தி, அவ வீட்டுக்காரன் என்றார் அவர். தோசை தீய்ந்த அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றுவிட்டதாம். மறுநாள் சொல்லுவாள் என்று பார்த்தாராம், அவள் மறுநாள் வேறு புத்தகத்துக்குப் போய்விட்டாளாம். ஒரு வருஷமாக இந்த மனுஷன் அந்த ஜட்ஜைப் பனியில் நிறுத்தி வைத்திருக்கிறார். கேட்டிருக்கக் கூடாதா என்றாள் வடிவு. நீ சொல்லுத வேகத்துல நடுவுல எங்க கேக்க என்றார் அவர். பிறகு, கொஞ்சம் தாமதித்து, எனக்கு அந்தக் குதிரையும் பிடிக்கும் என்றார். ஜட்ஜு போனான், விடியும்போது போனான் என்று சொல்ல வடிவு வாய் எடுத்தாள். அப்படித்தான் அவளுக்கு ஞாபகம். ஆனால் அது எழுதியிருந்ததா, அவளாக அவனை உள்ளே அனுப்பி வைத்தாளா என்று இப்போது யார் உறுதி சொல்ல முடியும்? தெரியலைங்க என்றாள். வாழ்க்கையில் ஒரு புத்தகத்தைப் பற்றி அவள் தெரியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ம் என்றார். அந்த ம் வழக்கம் போல் இல்லை. இல்லை, வழக்கம் போலவேதான் இருந்ததோ, இவள்தான் இத்தனை நாளும் சரியாகக் கேட்கவில்லையோ. சங்கரவடிவு யாரு, உள்ள வாங்க என்று குரல் கேட்டது.

உள்ளே இருட்டாக்கியிருந்தார்கள். பெரிய டாக்டர் என்றதும் நரைத்த தலையை நினைத்திருந்தாள். குரல் ஒரு பெண்ணுடையது, நடுவயது இருக்கும், அவசரமில்லாத குரல். நாடியை ஒரு கருவியின் முன்னால் இருந்த தாங்கியில் வைக்கச் சொன்னார். மேல பாருங்க, கீழ பாருங்க, என் காதைப் பாருங்க. வெளிச்சம் கண்ணுக்குள் புகுந்து மண்டையின் பின்பக்கம் வரை போனது. வடிவு கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் படித்த இளவரசர்களும் கொலைகாரர்களும் ரசம் ஊற்றும் பெண்களும் எல்லாரும் அந்த வழியாகத்தான் உள்ளே போனார்கள் என்று நினைத்தபோது, அந்த டாக்டரம்மாவிடம் கொஞ்சம் பார்த்து, மெதுவாக என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. பிறகு இன்னொரு கருவி, பச்சைக் கோடு, படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஆவுடையப்பனிடம் காட்டி விளக்கினார். கண்ணுக்குப் பின்னால் ஒரு திரை இருக்கிறது, அதன் நட்டநடுவில் நீர் கோத்திருக்கிறது. ஊசி போட வேண்டும், கண்ணிலேதான், மாதம் ஒன்றாகச் சில மாதம். நீர் வற்றும். நடுவில் போன பார்வை கொஞ்சம் திரும்பலாம், முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, இன்னும் சில மாதம் விட்டிருந்தால் எதுவுமே செய்திருக்க முடியாது.

படிக்கலாமா என்று கேட்டாள் வடிவு. படிக்கலாம் என்றார் டாக்டர். மெதுவாகப் படிக்க வேண்டும். பெரிய எழுத்தாகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக. தெரியாத இடத்தில் நிற்க வேண்டும், தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் நோய் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். நேராகப் பார்த்தால் நடுவில் மறைக்கும், அதனால் கொஞ்சம் தள்ளி, ஓரமாகப் பார்க்கப் பழக வேண்டும். வடிவு எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். படிக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மற்றதெல்லாம் அவளுக்கு நன்றாகக் காதில் விழவில்லை. டாக்டருக்கு அது தெரிந்துவிட்டது போல. விளக்கைப் போடச் சொன்னார். ஆவுடையப்பனை எதிரே ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார். வடிவின் இடது கண்ணைத் தன் கையாலேயே மறைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாருங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

இது ஒரு கேள்வியா என்று வடிவுக்குச் சிரிப்பு வந்தது. மகனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது, இனிமேல்தான் பார்க்க வேண்டுமாக்கும். ஏறின நெற்றி, தடித்த மூக்கு, நறுக்கின மீசை, பேசாத வாய் என்று கடகடவென்று சொன்னாள். டாக்டர் மறைத்த கையை எடுக்கவில்லை. ஞாபகத்துல இருந்து சொல்லாதீங்கம்மா, பார்த்துச் சொல்லுங்க என்றார். வடிவு பார்த்தாள். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்தாள். வெள்ளைச் சட்டையின் காலர் இருந்தது. இரண்டு காதும் இருந்தன. நெற்றியில் திருநீறு இருந்தது. நடுவில், மூக்கும் கண்ணும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில், ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி ஒரு கலங்கல் மட்டும் இருந்தது. காலையில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். நேற்று மருமகள் போனில் பேசியபோது எதிரே உட்கார்ந்திருந்தவர். இத்தனை மாதமும் அவள் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை அவளே போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், பழைய முகத்தை எடுத்து, ஒவ்வொரு காலையும்.

"நடுவுல ஒண்ணுமே இல்லை டாக்டர்" என்றாள்.

பயப்படாதீங்க என்றார் டாக்டர். அவர் மூஞ்சியை நேராகப் பார்க்க வேண்டாம், அவர் காதை மட்டும் பாருங்கள், காதையே பார்த்துக்கொண்டிருங்கள், மூஞ்சி தானாக வரும் என்றார். வடிவு தன் வீட்டுக்காரரின் வலது காதில் கண்ணை நிறுத்தினாள். நிறுத்தியதும் காது இருந்த இடம் கலங்கியது. கண் நழுவி நழுவி நடுவுக்கே ஓடியது, ஒவ்வொரு தடவை ஓடும்போதும் முகம் காணாமல் போனது. மறுபடியும் காதுக்கு இழுத்து வந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. மெல்ல, ஓரத்தில் இருந்து, தண்ணீருக்குள் இருந்து எழுந்து வருகிற மாதிரி ஒரு முகம் வந்தது. அது அவள் சொன்ன முகம் இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது, எப்போது ஒட்டியது? மீசை முழுக்க நரைத்திருந்தது. வாயை இறுக்கி மூடியிருந்தார், ஏதோ கனமானதைத் தூக்கிக்கொண்டிருப்பவர் மாதிரி, மூடிய வாயின் ஒரு ஓரம் மட்டும் அடங்காமல் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணில் இருந்து இறங்கிய நீர் மீசை வரைக்கும் வந்து நின்றிருந்தது. அதைத் துடைக்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் அவர் துடைக்காமலே உட்கார்ந்திருந்தார். எத்தனை நாள் இப்படி எதிரே உட்கார்ந்திருந்தாரோ? ஒன்றும் எழுதியிருக்காது என்று அவள் மூடி வைத்த முகம் இது.

"இப்ப என்னம்மா தெரியுது?" என்று கேட்டார் டாக்டர்.

வடிவு அந்தக் காதில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க டாக்டர்" என்றாள். "இன்னும் பார்த்து முடியலை."